பழைய டர்போ கார்களும் அவற்றின் நோய்களும்



பெங்களூரிலிருந்து மோட்டாரில் திருப்பதிக்குச் செல்லும் தமிழன்பர்களுக்குப் புத்தலப்பட்டு என்னும் ஊர் புதிதன்று. கோலாரையும் முளபாகலையும் கடந்து, பலமனேரிக்கு அப்பால் மொகிலிக் கணவாயில் இறங்கி, சித்தூரைத் தாண்டித் திருப்பதிச் சாலையில் சிறிது தூரம் சென்றால் அவ்வூர் வரும். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர். ஆகவே அதைச் சூழ்ந்த ஊர்களில் தெலுங்கோடு தமிழும் இன்றுவரை சகஜமாகப் புழங்குகிறது. பண்டிகை நாட்களில் இந்தச் சாலையில் கர்நாடகம், மகாராஷ்டிரம், தெலங்கானா முதலிய மாநிலங்களின் எண் தாங்கிய வண்டிகள் வரிசையாகச் செல்லும். அவற்றுள் பத்து, பதினைந்து வயதைக் கடந்த டீசல் கார்கள் பல. சாலையோரத்தில் முன்மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, குடும்பத்தை மரநிழலில் உட்காரவைத்துத் தவிக்கும் அன்பர்களையும் அங்கே காணலாம். என்ன கோளாறு என்று கேட்டால், "டர்போ போய்விட்டது என்கிறார்கள்" என்ற பதிலே அநேகமாக வரும்.

இந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்பதே இன்று நான் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். நான் பொறியியல் பயின்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. ஒரு மொழியில் சொன்னதைப் பொருள் சிதையாமல் மற்றொரு மொழியில் சொல்வது என் உத்தியோகம். பழைய கார் விஷயத்தில் அந்தத் தொழிலுக்கும் ஒரு பயன் உண்டு என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் டர்போ என்பது யாது? எஞ்சினில் எரிபொருள் எரிவதற்குக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின் தன் உருளைகளின் இழுப்பாற்றலால் இயன்ற அளவு காற்றை உள்வாங்கிக்கொள்கிறது. அதற்கு மேலும் காற்றை அழுத்திப் புகுத்தினால், அதே அளவுள்ள எஞ்சின் கூடுதலான எரிபொருளை எரித்துக் கூடுதலான வலுவைத் தரும். அவ்வாறு அழுத்துவதற்கு வேண்டிய சக்தியை எங்கிருந்து பெறுவது? புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறும் சூடான வாயுவிலிருந்தே பெறலாம் என்று கண்டவர் ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஷி. இதற்காக அவர் 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள். ஒன்றைப் புகைவாயு சுழற்றுகிறது. மற்றொன்று வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புகிறது. இவ்வளவுதான் டர்போவின் தத்துவம்.

தத்துவம் எளியது, ஆனால் அந்தச் சிறு தண்டின் வாழ்க்கை கடினமானது. அது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. சிறிய கார்களின் டர்போக்களில் இந்த எண்ணிக்கை இரண்டு லட்சத்தையும் எட்டுவதுண்டு. டீசல் எஞ்சின் வலுவாக இழுக்கும்போது ஒரு முனையைத் தாக்கும் வாயுவின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸ் வரை போகும். பெட்ரோல் எஞ்சினில் வெப்பம் இதனினும் அதிகம். இத்தனை வேகத்திலும் வெப்பத்திலும் தண்டைத் தாங்குவது பேரிங்கினுள் பரவிநிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமே. எஞ்சினிலிருந்து ஒரு குறுகிய குழாய் வழியாக எண்ணெய் வருகிறது. மற்றொரு குழாய் வழியாகக் கீழே வடிந்து எஞ்சினுக்கே திரும்புகிறது. எண்ணெய் தடைப்பட்டால் சில விநாடிகளிலேயே உலோகத்தோடு உலோகம் உராயத் தொடங்கும்.

இந்தியச் சாலைகளில் டர்போ பொருத்திய டீசல் வண்டிகள் குடும்பங்களின் வாகனமாகப் பெருகியது சென்ற கால் நூற்றாண்டில்தான். 1998-இல் டாடா சஃபாரி, 2002-இல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோ, 2005-இல் டொயோட்டா இன்னோவா, 2007-இல் ஸ்விஃப்டின் டீசல் வகை எனப் பல வண்டிகள் வந்தன. அவற்றின் முதல் தொகுதிகள் இன்று இரண்டாம், மூன்றாம் சொந்தக்காரர்களிடம் இருக்கின்றன. தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதனை உறுதி செய்தது. அதன் விளைவாகப் பல வண்டிகள் வேறு மாநிலங்களுக்கு விலைபோயின. வாங்கியவருக்கு வண்டியின் பூர்வ சரித்திரம் தெரியாது. எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது என்று யாரைக் கேட்பது? டர்போ வண்டிகளின் நோய்களுக்கு வித்து பெரும்பாலும் இந்த அறியாமையில் இருக்கிறது.

இனி, நோய்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, காற்றுக் கசிவு. டர்போவில் அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது. இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் வழியாகச் சென்று ஆறிய பின்னரே அது எஞ்சினுள் நுழைகிறது. இந்த வழி நெடுகிலும் ரப்பர் ஹோஸ்களும் அவற்றை இறுக்கும் கிளாம்புகளும் உள்ளன. ரப்பருக்கு வெப்பமும் எண்ணெயும் பகை. பத்து ஆண்டுகளில் அது தன் உறுதியை இழந்து, அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிளக்கிறது. வண்டி நிற்கும்போது அந்தப் பிளவு மூடிக்கொண்டிருக்கும். மேட்டில் ஏறும்போது அழுத்தத்தால் வாய் திறக்கும். அப்போது இழுவை குறையும், உஸ் என்ற ஓசை கேட்கும், பின்னால் கரும்புகை எழும்.

எனக்குத் தெரிந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். பெங்களூரில் குடியேறிய தருமபுரிக்காரர். கடன் வாங்கி வாங்கிய பழைய ஏழு இருக்கை வண்டியே அவருக்கு ஜீவனம். திருப்பதிக்கு யாத்திரிகர்களை அழைத்து வந்தவரின் வண்டி திரும்பும் வழியில் இழுக்க மறுத்தது. வழியில் ஒரு பட்டறையில் பார்த்துவிட்டு டர்போவையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை அவருடைய இரண்டு மாத வருமானம். வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு புத்தலப்பட்டு வரை வந்தவர், சாலையோரத்தில் வயது முதிர்ந்த ஒரு மெக்கானிக்கைக் கண்டு, "அண்ணா, டர்போ போயிடுச்சாம்" என்றார். "டர்போ போச்சுன்னு யார் சொன்னது, டர்போவா சொல்லிச்சு?" என்று சிரித்தார் அந்தப் பெரியவர். எஞ்சினை நிறுத்தி, சூடு தணியும் வரை காத்திருந்து, ஹோஸ்களின் அடிப்புறத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் எண்ணெய்ப் பிசுக்கோடு உள்ளே நுழைந்தது. புதிய ஹோஸையும் இரண்டு கிளாம்புகளையும் போட்டதும் வண்டி பழைய வலுவோடு மலையேறிச் சென்றது. செலவு சில நூறு ரூபாய்.

இரண்டாவது நோய், எண்ணெய்ப் பஞ்சம். இதுவே டர்போவை உண்மையில் கொல்வது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அது கறுத்துக் களிம்பாகிறது. அக்களிம்பு முதலில் அடைப்பது டர்போவுக்குச் செல்லும் குறுகிய குழாயைத்தான். மற்றொரு காரணம், கொதிக்கும் நிலையில் எஞ்சினை நிறுத்துவது. திருமலைப் பாதையை எண்ணிப் பாருங்கள். 1944-இல் திறக்கப்பட்ட பழைய பாதை இன்று இறங்குவதற்கும், 1970-களில் அமைந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. பதினைந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏற்றத்தில் வண்டி ஏறத்தாழ 700 மீட்டர் உயர்கிறது. அந்த நேரமெல்லாம் டர்போ முழு வேலை செய்து கனன்றுகொண்டிருக்கும். மேலே சேர்ந்ததும், தரிசனத்துக்கு நேரமாகிறதே என்று சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடுகிறோம். எண்ணெய் ஓட்டம் அந்தக் கணமே நின்றுவிடுகிறது, வெப்பமோ நிற்பதில்லை. பேரிங்கில் தங்கிய எண்ணெய் வெந்து கரியாகிறது. ஒரு நாளில் இதனால் கேடு தெரியாது; நூறு முறை செய்தால் தெரியும். மேலே சேர்ந்த பின் ஒன்றிரண்டு நிமிஷம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவதே முறை. அவ்வாறே காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் உடனே முடுக்காமல், எண்ணெய் மேலேறுவதற்கு அரை நிமிஷம் அவகாசம் தரவேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்க் கசிவும் நீலப்புகையும். டர்போவிலிருந்து எண்ணெய் கசிவதைக் கண்டதும் அதன் முத்திரைகள் தேய்ந்துவிட்டன என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் எண்ணெய் வடியும் குழாய் அடைபட்டாலும், எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டு உள்ளழுத்தம் பெருகினாலும், நல்ல டர்போவிலும் எண்ணெய் கசியும். வடிகால் அடைத்த வீட்டில் முற்றத்து நீர் கூடத்துக்குள் வருவதைப் போன்றது இது. அதற்காகக் கூடத்தை இடிப்பார் இல்லை.

நான்காவது, கரியடைப்பு. புகைவாயுவின் அளவைக் கட்டுப்படுத்த டர்போவில் ஒரு கதவோ, அசையும் சிறு இதழ்களோ இருக்கும். நகர நெரிசலில் நாள்தோறும் மெல்ல ஓடும் வண்டியில் கரி படிந்து இவை இறுகிவிடுகின்றன. இவற்றை இயக்கும் மெல்லிய வெற்றிடக் குழாய்களும் முதுமையில் வெடிக்கின்றன. புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் வால்விலும் கரி படியும். அப்பொழுது சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வலுவைக் குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்வதாலும், குழாயை மாற்றுவதாலும் தீரக்கூடிய நோய் இது.

ஐந்தாவது, தூசி. காற்று வடிகட்டி கிழிந்திருந்தாலோ, சரியாகப் பொருந்தாத மலிவுச் சரக்காக இருந்தாலோ, செம்மண் தூசி நேரே உள்ளே செல்லும். லட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தின் விளிம்புக்கு ஒரு மணல் துகளும் அரம்போலத்தான். இவற்றோடு, டீசல் வடிகட்டி அடைபட்டாலும் வண்டி மேட்டில் இழுக்காது என்பதை நினைவில் வைக்கவேண்டும். அந்தக் குற்றமும் பல வேளைகளில் டர்போவின் தலையிலேயே விழுகிறது.

இவற்றிலிருந்து தெரிவது யாது? டர்போ பெரும்பாலும் குற்றவாளி அன்று. பிறர் செய்த குற்றத்துக்குத் தண்டனை அனுபவிப்பது. காரணத்தைத் தேடாமல் டர்போவை மாற்றினால், முதல் டர்போவைக் கொன்ற அதே காரணம் இரண்டாவதையும் கொல்லும். எண்ணெய்க் குழாயைச் சுத்தம் செய்யாமல் புதிய டர்போவைப் பொருத்தி, சில வாரங்களில் அதையும் இழந்து, இரண்டு முறை கடன்பட்டவர்கள் உண்டு. ஆகவே மாற்றத்தான் வேண்டும் என்று உறுதியானால், எண்ணெயும் அதன் வடிகட்டியும் புதிதாக வேண்டும். டர்போவுக்கு வரும் குழாயைப் புதிதாக மாற்றுவது உத்தமம். இன்டர்கூலரில் தங்கிய பழைய எண்ணெயையும் உலோகத் துகள்களையும் கழுவி நீக்கவேண்டும். கிளப்புமுன் புதிய டர்போவின் பேரிங்கில் சுத்தமான எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும். இந்த நான்கையும் செய்தீர்களா என்று பட்டறையில் கேட்பது உங்கள் உரிமை.

டர்போ உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று அறியவும் வழி உண்டு. ஆறிய எஞ்சினில் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டின் முனையை விரலால் அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. எண்ணெய்ப் படலத்துக்காக விடப்பட்ட இடைவெளி அது. ஆனால் தண்டு முன்னும் பின்னும் நகர்ந்தாலும், சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலும், டர்போவின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். இந்தச் சோதனையை உங்கள் கண்முன்னே செய்துகாட்டும்படி கேளுங்கள்.

அபாயமான நிலை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். டர்போ முற்றிலும் உடைந்தால், எஞ்சினின் எண்ணெய் காற்றுவழியே உருளைகளுக்குள் புகும். டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு, தானே வேகமெடுத்து அலறும். வெண்மையும் நீலமும் கலந்த புகை மண்டலமிடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஏனெனில் சாவி நிறுத்துவது டீசலைத்தான், எண்ணெயை அன்று. கையால் மாற்றும் கியர் உள்ள வண்டியாயின், அதை உடனே ஓரத்தில் நிறுத்தி, கிளட்சை மிதித்து மிக உயர்ந்த கியரில் இட்டு, பிரேக்கை முழுபலத்தோடு அழுத்தியபடி கிளட்சை விடவேண்டும். எஞ்சின் திணறி நிற்கும். அது முடியாவிட்டால் பொருள்களை எடுக்கத் தாமதிக்காமல், குழந்தைகளோடு எல்லோரும் இறங்கித் தொலைவில் விலக வேண்டும். காற்று நுழையும் வாயைக் கையால் அடைக்க முயல்வது பேராபத்து.

மலையிலிருந்து இறங்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை அணைப்பதும் கியரை விடுவிப்பதும் கூடா. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவலு குன்றிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குவது என்பது பழைய லாரிக்காரர்கள் கண்ட நல்வழக்கம்.

இப்போது, முன்னர் சொன்ன மொழி விஷயத்துக்கு வருகிறேன். பிற மாநிலத்தில் வாழும் நமக்கு, பட்டறையில் ஏற்படும் சங்கடத்தில் பாதி மொழியினால் வருவது. நோயின் பெயரை நாமே சொல்லிவிடுகிறோம், அடையாளத்தைச் சொல்வதில்லை. "டர்போ கெட்டுவிட்டது" என்று நாம் சொன்னால், எதிரிலிருப்பவர் டர்போவை மாற்றவே முனைவார். அதைவிட, வண்டி சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்வது மேல். புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா? கறுப்பு என்றால் எரிபொருளுக்கேற்ற காற்று இல்லை. நீலம் என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளை என்றால் எரியாத டீசலோ, ரேடியேட்டர் நீரோ வெளியேறுகிறது. ஓசை உஸ் என்கிறதா, ஊளையிடுகிறதா, உலோகம் உரசுவதுபோல் கீச்சிடுகிறதா? மேட்டில் மட்டுமா, சமதளத்திலுமா? எஞ்சின் சூடான பின்னரா, கிளப்பியவுடனா? எண்ணெய் அளவுகோலில் எவ்வளவு குறைந்தது, எத்தனை கிலோமீட்டரில்? இந்த ஐந்து விவரங்களையும் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தால், கன்னடமோ தெலுங்கோ இந்தியோ தெரியாவிட்டாலும் கைச்சாடையாலும் விளக்கிவிடலாம்.

வரலாற்றிலிருந்து ஒரு பாடத்தையும் கூறுகிறேன். டர்போ பொருத்திய முதல் பயணிகள் கார்கள் அமெரிக்காவில் 1962-இல் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் ஒன்று ஓல்ட்ஸ்மொபில் கம்பெனியின் ஜெட்ஃபயர். உருளைகளினுள் எரிபொருள் முறைதவறி வெடிக்காதிருக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றை அதற்கென வைத்த தொட்டியில் அவ்வப்போது ஊற்றவேண்டும். பல சொந்தக்காரர்கள் ஊற்ற மறந்தார்கள். தொட்டி வறண்டது, வண்டி வலுவிழந்தது, பழி டர்போவின்மேல் விழுந்தது. பின்னர் பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்தினார்கள். கண்டுபிடிப்பு தோற்கவில்லை, பராமரிப்பு தோற்றது.

நம் நாட்டில் சொந்தக் காருக்கு முதற்பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். அந்த முதுமைக் காலத்தையும் வண்டி மானத்தோடு கழிக்க வேண்டுமானால், பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. கையேட்டில் குறித்த தரமுள்ள எண்ணெயைக் குறித்த தூரத்துக்குச் சற்று முன்னதாகவே மாற்றுங்கள். ஊருக்குப் புறப்படும் முன்னாள், எஞ்சின் ஆறியிருக்கும் வேளையில், எண்ணெய், ரேடியேட்டர் நீர், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ஹோஸ்களின் அடிப்புறத்தை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கால் மணி நேர வேலை. மொகிலிக் கணவாயின் ஏற்றத்தில், இரவு வேளையில், முதியோரும் குழந்தைகளும் வண்டியில் இருக்கும்போது, அந்தக் கால் மணியின் மதிப்புத் தெரியவரும்.